ஆதாயமும் ஆபத்தும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையில் இலங்கைப் படத்தை வரைந்து, நெல் விளையுமிடம், தேயிலை வளருமிடம், தொழிற்சாலைகள் நிறைந்த இடம் என வண்ணச் சுண்ணக்கட்டியாற் குறித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால், எவ்விடத்து மக்கள் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதைக் காட்டும் படத்தை ஒருநாளும் வரைந்ததில்லை. இக்குறையை எனக்கு உணர்த்தியவன் பழைய மாணவன் ஒருவன்.

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அவன் என் வீட்டுக்கு வந்தான். "சேர், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போகிறேன். அங்கே சம்பளம் சிறிதென்றாலும் மாதம் முடியக் கைக்கு வரும். இங்கே மழை பொய்த்தாலும் என் தலையில், விலை விழுந்தாலும் என் தலையில்" என்றான். மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

என் நினைவு 1978 ஆம் ஆண்டுக்குச் சென்றது. அவ்வாண்டிலே கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றிற்று. விமான நிலையம் அருகிலும் துறைமுகம் எட்டும் தூரத்திலும் இருந்தமையால் அந்நிய முதல் அங்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. பாடசாலை மாணவனாயிருந்த நான் விடிந்ததும் கண்ட காட்சி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. தந்தையாரின் தோட்டத்துத் தென்னைகள் யாவும் ஒரே திசையிற் சாய்ந்து கிடந்தன. தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அதுவரை அடுப்பெரிவது எவ்வாறு? தந்தையார் கடன்பட்டார். கடன் கொடுத்தவருக்கோ காற்றினால் ஒரு நட்டமும் இல்லை.

மேற்குப் பகுதி வளர்ந்ததை நான் குறை கூறவில்லை. துறைமுகமும் வங்கியும் உள்ள இடத்தை முதல் நாடுவது இயல்பே. நிலப்பரப்பில் ஆறு வீதத்துக்கும் குறைந்த மேல் மாகாணம், மத்திய வங்கியின் 2022 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 வீதத்துக்கு மேல் தந்தது. அங்கும் வெள்ளம் வருகிறது. எனினும், பல தொழில்கள் உள்ள ஊரில் ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும். எங்கள் வட்டைகளிலோ பயிர் ஒன்று, மழை ஒன்று. எல்லோரும் ஒரே காலத்தில் அறுப்பதால் விலை விழுவதும் ஒரே காலத்திலேதான்.

வானம் தரும் இடரோடு தலைநகர் தரும் இடரும் உண்டு. 1970 முதல் இறக்குமதித் தடையை நம்பி யாழ்ப்பாணத்து விவசாயிகள் மிளகாயும் வெங்காயமும் பெருக்கினார்கள். 1977 இற் கதவு திறக்கப்பட்டதும் அவர்களின் சந்தை சரிந்தது. 2021 இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் தடை நீங்கியபோதிலும் அப்பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. தீர்மானித்தவர் ஓரிடம், இழந்தவர் வேறிடம்.

இதற்குப் பரிகாரம் காப்புறுதி என்பர். ஆனால், உழவரின் பணத்தைக் கொண்டே உழவருக்கு ஈடுசெய்வதாயின், ஒரே காற்றில் யாவரும் இழக்கும்போது நிதி எங்கிருந்து வரும்? வேறு தொழில், வேறு பிரதேசம் பங்கு செலுத்தினாலன்றிச் சுமை குறையாது. வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வரிபோக எஞ்சும் இலாபத்தில் ஒரு வீதத்தைப் பயிர்க் காப்புறுதிக்குச் செலுத்த வேண்டுமென 2013 இற் சட்டம் வந்தது. அது நேரிய முதலடி. ஆதாயத்தைப் பகிர்வோர் ஆபத்தையும் பகிர வேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது. அந்நீதி உரவிலைக்கும் நெல்விலைக்கும் விரிய வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளைபொருட் படத்தை வரையும்போது அருகில் இழப்பின் படத்தையும் வரையுங்கள். இரண்டையும் ஒப்பிடும் மாணவன் தானே கேள்வி கேட்பான்.

என் மாணவன் கொழும்புக்குப் போய்விட்டான். அவன் வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் அவனிலும் இளையவன். உரத்துக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று கேள்வி.