சபா கடற்பாசி: ஆய்வுக்கூடத்துச் செய்தி கயிறு வரை போய்ச் சேருமா?

கடற்பாசி என்றதும் தீபாவளிக்கு வீட்டில் வண்ண வண்ணமாகச் செய்யும் அகார் அகார்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சபாவின் கிழக்குக் கரையில், செம்பூர்ணாவில், கடலில் பயிர் செய்யும் மக்களும் தங்கள் பயிரை ‘அகார் அகார்’ என்றே அழைக்கிறார்கள். உண்மையில் அது வேறு பாசி. கப்பாபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதிலிருந்து எடுக்கப்படுவது கேரஜீனன் என்னும் கூழ்ப்பொருள். பற்பசை நீர்த்துப் போகாமல் நிற்கவும், சாக்லேட் பாலில் கொக்கோ அடியில் தங்காமல் இருக்கவும், ஐஸ்கிரீம் வழவழப்பாக இருக்கவும் அது உதவுகிறது. உணவுப் பொட்டலத்தில் ‘இ407’ என்று அச்சிட்டிருந்தால் அது இந்தப் பாசியின் குடும்பத்திலிருந்து வந்ததுதான்.

ஹவாய் பல்கலைக்கழக விஞ்ஞானி மேக்ஸ்வெல் டோட்டியின் முயற்சியால் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இந்தப் பயிர், 1970களின் இறுதியில் செம்பூர்ணாவுக்கு வந்தது. முறை எளிது. ஒரு கையளவு பாசித் துண்டுகளை நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டி, கடலில் இழுத்துக் கட்டுவார்கள். காலி பிளாஸ்டிக் போத்தல்களே மிதவை. நிலம் வேண்டாம், உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம். நாளொன்றுக்கு 4 விழுக்காடு வளர்ந்தால், 100 கிராம் துண்டு 45 நாளில் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். பிறகு அறுத்து, கடலுக்கு மேல் கட்டிய பலகைத் தளத்தில் உலர்த்துவார்கள். கயிற்றில் துண்டுகளைக் கட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. எத்தனை கயிறு கட்டினார்கள் என்று எண்ணித்தான் கூலி.

கேட்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 2010இல் அறிவிக்கப்பட்ட பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் சபா கடற்பாசிக்கும் இடம் கிடைத்தது. சிறு தோட்டங்களாக வகுத்து மக்களை ஈடுபடுத்தும் ஏற்பாடுகளும் வந்தன. 2012இல் மலேசியாவின் விளைச்சல் ஈர எடையில் 3 லட்சத்து 30 ஆயிரம் டன்னை எட்டியது. ஆனால் 2018இல் அது ஏறக்குறைய 1 லட்சத்து 74 ஆயிரம் டன்னுக்கு இறங்கிவிட்டது. உலகச் சந்தையில் தேவை இருக்கும்போதே ஏன் இந்தச் சரிவு?

விலை ஏற்ற இறக்கமும் ஆள் பற்றாக்குறையும் காரணங்களே. எனினும் விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பது நோய். ‘ஐஸ் ஐஸ்’ என்று பிலிப்பைன்ஸ் விவசாயிகள் பெயர் வைத்த நோயில், பாசியின் கிளை பனிக்கட்டிபோல் வெளுத்து, மெலிந்து, ஒடிந்து விழும். கடல்நீரின் சூடும் உப்பும் திடீரென மாறும்போது பாசி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் பாக்டீரியா நுழைகிறது. இன்னொரு தொல்லை, பாசியின் மேலேயே ஒட்டி வளரும் நுண்பாசி. மலேசிய சபா பல்கலைக்கழக ஆய்வாளர் சார்ல்ஸ் வைரப்பன் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஒட்டுப்பாசி ஆண்டுக்கு இரு பருவங்களில், மார்ச் முதல் ஜூன் வரையிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், தலையெடுப்பதைக் காட்டியது. முதலில் தெரிவது சிறு கரும்புள்ளிகள் மட்டுமே. பிறகுதான் மயிர்க்கூச்செறிந்த தோல்போல் மேடு தட்டும்.

இது எவ்வளவு பயனுள்ள செய்தி என்று எண்ணிப் பாருங்கள். பருவம் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு முன்பே அறுக்கலாம், கயிற்றைச் சற்று ஆழத்தில் இறக்கலாம், நோய் கண்ட தோட்டத்திலிருந்து விதைத்துண்டு வாங்காமல் இருக்கலாம். ஆனால் கரும்புள்ளியை முதலில் காணக்கூடியவர் யார்? துண்டு துண்டாகக் கையில் எடுத்துக் கட்டும் பெண்தான். பயிற்சியில் முதல் இடம் அவருக்கல்லவா தரப்பட வேண்டும்?

விதையின் கதையும் கவனிக்கத்தக்கது. தாய்ச்செடியை ஒடித்து ஒடித்தே மீண்டும் நடுகிறார்கள். தம்பாலாங், புவாயா என்று உள்ளூரில் பல ரகப் பெயர்கள் வழங்கினாலும், பல்லாண்டுகளாக ஒரே செடியின் நகல்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும், வளர்ச்சியும் குன்றும். இதற்காகவே திசு வளர்ப்பு முறையில் ஆய்வுக்கூடத்தில் புதிய நாற்றுகளை உருவாக்கும் முயற்சி மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் நடந்தது. மலாயா பல்கலைக்கழகமும் 2017 முதல் 2021 வரை பிரிட்டன், பிலிப்பைன்ஸ், தான்சானியா ஆய்வாளர்களுடன் சேர்ந்து கடற்பாசி நோய்களையும் ரகங்களையும் ஆராயும் திட்டத்தில் பங்கேற்றது. அறிவுக்குக் குறைவில்லை. கண்ணாடிக் குடுவையில் பிறந்த நாற்று அலையில் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், தோட்டங்களுக்கு அருகிலேயே கடல் நாற்றங்கால் வேண்டும். அதைக் காக்க ஆட்களும் வேண்டும்.

அந்த ஆட்களில் பலர் பஜாவ் லாவுட் என்னும் கடலோடி மக்கள். தலைமுறைகளாக இங்கே வாழ்ந்தும் பலரிடம் அடையாள ஆவணம் இல்லை. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பெரியவர்களைக் கண்ட நம் சமூகத்திற்கு இதன் வலி புரியும். ஆவணம் இல்லாதவர் உரிமம் பெற முடியாது, வங்கிக் கடன் பெற முடியாது. இடைத்தரகரிடம் முன்பணம் வாங்குகிறவர், 45 நாள் பொறுக்காமல் 30 நாளிலேயே அறுத்துவிடும் கட்டாயத்திற்கு ஆளாகிறார். இளம்பாசியின் கூழில் வலுவில்லை, ஆகவே விலையும் இல்லை. 2024 ஜூனில் செம்பூர்ணாவின் துன் சக்காரான் கடல் பூங்காப் பகுதியில் இம்மக்களின் வீடுகள் பல இடிக்கப்பட்டன. வீடே நிலையில்லாதவரிடம் போய் நோய்ப் பருவ அட்டவணை பற்றிப் பேசுவது எப்படி?

இதே பாசியைத் தமிழகத்தின் மண்டபம், இராமேசுவரம் பகுதியிலும் வளர்க்கிறார்கள். அங்கும் 2013இல் கடல் சூடேறிப் பெரும் அழிவு ஏற்பட்டது. ஆனால் அங்குள்ள பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து, குழுவின் பெயரிலேயே வங்கிக் கடன் பெற்று மூங்கில் மிதவை கட்டியவர்கள். செம்பூர்ணாவில் அத்தகைய குழு அமைக்க, முதலில் அதன் உறுப்பினருக்கு ஒரு பெயரும் எண்ணும் பதிவாக வேண்டும். அது மீன்வளத் துறையின் கையில் மட்டும் இருக்கும் காரியமல்ல. தேசியப் பதிவு இலாகாவின் முகப்பிலும் தொடங்க வேண்டிய ஒன்று.