ஒரு முறை எழுதி, நூறு முறை ஆள்வது எப்படி?

ஒரு முக்கோணக் கணக்கில் சைன் 37 பாகையின் மதிப்பு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்? புதிதாக ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, பக்கங்களை அளந்து, வகுத்துப் பார்க்க உட்காருவதில்லை. அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள். 0.6018 என்று எடுத்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். யாரோ ஒருவர் என்றோ உழைத்துக் கண்ட விடை உங்களுக்கு அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

கணிப்பொறிக்கு நாம் கொடுக்கும் ஆணைத்தொடரையும், அதாவது நிரலையும், இவ்வாறே ஒருவர் எழுதி வைத்து மற்றவர்கள் எடுத்து ஆள முடியுமா? முடியும். இன்று நம் கையிலுள்ள அலைபேசியில் ஓடும் நிரல்களில் பெரும்பகுதி அப்படி எடுத்தாளப்பட்டவையே. ஆனால் எடுத்தாள்வது என்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் உள்ளே சில சிக்கல்கள் உண்டு. அவற்றில் ஒன்று 1996ஆம் ஆண்டில் ஒரு பெரிய ராக்கெட்டையே வானில் சிதறடித்தது. அந்தக் கதைக்கு வருமுன் இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம்.

பாதரசக் குழாயும் காகித நாடாவும்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் எட்சாக் என்ற கணிப்பொறி கட்டப்பட்டது. 1949 மே 6ஆம் நாள் அது தன் முதல் வேலையாக எண்களின் வர்க்க அட்டவணையைக் கணக்கிட்டு அச்சிட்டது. சுமார் 3,000 வெற்றிடக் குழல்கள் கொண்ட இயந்திரம் அது. அதன் நினைவகம் எதனால் ஆனது தெரியுமா? பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களால். எண்கள் ஒலித்துடிப்புகளாக மாற்றப்பட்டுப் பாதரசத்தின் வழியே ஓடும். மறுமுனையை அடைந்ததும் அவற்றை மின்துடிப்பாக்கி மறுபடியும் முதல் முனையில் செலுத்துவார்கள். துடிப்புகள் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் வரை எண்கள் மறக்கப்படுவதில்லை. விநாடிக்குச் சுமார் 650 ஆணைகளை அது நிறைவேற்றியது.

நிரல்களைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி இயந்திரத்துக்குள் செலுத்தினார்கள். இங்கேதான் எவரும் எதிர்பாராத தொல்லை ஒன்று தலைகாட்டியது. அந்த நாட்களில் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வில்க்ஸ் எழுதிய 126 வரி நிரலில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. நிரல் எழுதுவதைக் காட்டிலும் பிழை தேடுவதே பெரிய வேலையாகிவிடும் போலிருந்தது.

எட்சாக் இயந்திரத்துக்குக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தெரியும், வகுக்கத் தெரியாது. வகுத்தலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து ஆணைகளாக எழுதித் தர வேண்டும். வானவியலாளர் ஒருவர் வந்தால் அவரும் வகுத்தலை எழுத வேண்டும். வேதியியலாளர் வந்தால் அவரும் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் ஒவ்வொருவரும் புதிதாகப் பிழை செய்வார்கள். ஆகவே நன்கு சோதித்த வகுத்தல் நாடா ஒன்றைத் தயாரித்துப் பெட்டியில் வைத்துவிட்டால், தேவைப்படுவோர் அதைத் தம் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? இவ்வாறு தோன்றியவையே துணைநிரல்கள். வர்க்கமூலம், சைன், மடக்கை, எண்களை அச்சிடுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடா. இரும்பு அலமாரியில் அடுக்கிய அந்த நாடாக்களே ஒரு நூலகம் ஆயின. நிரல்களின் தொகுதியை இன்றும் நூலகம் என்றே அழைக்கிறோம்.

இரண்டு முடிச்சுகள்

இதில் தீர்க்க வேண்டிய முடிச்சுகள் இரண்டு இருந்தன. இரண்டையும் அவிழ்த்தவர் டேவிட் வீலர் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர். அப்போது அவருக்கு வயது 22.

முதல் முடிச்சு, இடம். நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. வகுத்தல் துணைநிரலில் 'என்னுடைய 5ஆம் வரிக்குத் திரும்பிப் போ' என்று ஓர் ஆணை இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் இத்துணைநிரலை 100ஆம் அறையிலிருந்து வைத்தால் அந்த ஆணை 105 என்று இருக்க வேண்டும். வேறொருவர் 300ஆம் அறையிலிருந்து வைத்தால் 305 என்று இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் நாடாவைத் திருத்திக் குத்துவதானால் நூலகத்தால் என்ன பயன்? வீலர் நாடாவில் வெறும் 5 என்று மட்டும் குத்தி, பக்கத்தில் ஓர் அடையாள எழுத்தையும் சேர்த்தார். நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதற்கென்றே 41 ஆணைகள் கொண்ட சிறு தொடக்க நிரல் ஒன்றை அவர் அமைத்திருந்தார். அடையாள எழுத்தைக் கண்டதும் அது தொடக்க அறையின் எண்ணைத் தானே கூட்டிக்கொள்ளும். நாடா ஒன்றுதான்; வைக்கும் இடம் எதுவானாலும் பொருந்தும்.

இரண்டாம் முடிச்சு, திரும்பும் வழி. முதன்மை நிரல் 51ஆம் அறையிலிருந்து துணைநிரலுக்குத் தாவுகிறது. வேலை முடிந்ததும் 52க்குத் திரும்ப வேண்டும். சற்று நேரம் கழித்து 80ஆம் அறையிலிருந்து மறுபடியும் தாவுகிறது. இப்போது 81க்குத் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்பது துணைநிரலுக்கு எப்படித் தெரியும்? திரும்பும் முகவரியைக் குறித்து வைப்பதற்கென்று அந்த இயந்திரத்தில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை.

வீலர் கண்ட வழி இது. தாவுவதற்கு முன் 50ஆம் அறையிலுள்ள ஆணை தன்னையே ஓர் எண்ணாகக் கணக்கிடும் பகுதியில் எடுத்து வைக்கும். அதில் 50 என்ற தன் இருப்பிடம் அடங்கியிருக்கிறது. 51ஆம் அறையின் ஆணை துணைநிரலுக்குத் தாவும். துணைநிரலின் முதல் ஆணை, அந்த எண்ணுடன் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டும். கூட்டியதும் அது '52க்குத் தாவு' என்ற புதிய ஆணையாக மாறிவிடும்! அதைத் துணைநிரல் தன் கடைசி வரியில் எழுதிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். கடைசி வரிக்கு வரும்போது சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். ஊர் திரும்ப வேண்டிய பேருந்துச் சீட்டைப் புறப்படும்போதே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போல. இது வீலர் தாவல் என்றே பெயர் பெற்றது.

வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் சேர்ந்து இம்முறைகளை 1951இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். நிரல் எழுதும் கலை பற்றி வந்த முதல் நூல் அதுவே.

உதிரிப்பாகக் கடை

மிதிவண்டியின் சங்கிலி அறுந்தால் இரும்பை உருக்கிப் புதுச் சங்கிலி செய்ய எவரும் புறப்படுவதில்லை. கடையில் போய் வாங்கிப் பூட்டுகிறோம். நிரல்களுக்கும் இத்தகைய உதிரிப்பாகக் கடை வேண்டும் என்று 1968இல் மெக்கில்ராய் என்ற அமெரிக்க அறிஞர் வாதாடினார். ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில் அவர் இக்கருத்தை விளக்கினார். அவர் காட்டிய உதாரணம் சைன் துணைநிரல். ஒருவருக்கு மூன்று இலக்கத் துல்லியம் போதும். வேறொருவருக்குப் பத்து இலக்கம் வேண்டும். ஒருவருக்கு வேகம் முக்கியம். வேறொருவருக்கு நினைவகச் சிக்கனம் முக்கியம். ஆகவே ஒரே பாகத்தைப் பல அளவுகளில் செய்து, ஒவ்வொன்றும் எதற்கு ஏற்றது என்று பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்றார் அவர்.

இன்று அத்தகைய கடைகள் இணையத்தில் நிறைந்திருக்கின்றன. பெரும்பாலான பாகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பிறர் பாகத்தை நம்பியிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் 11 வரித் துணைநிரல் ஒன்றை அதன் ஆசிரியர் இணையக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்களைத் தொகுக்க முடியாமல் உலகெங்கும் நிரலாளர்கள் திகைத்து நின்றார்கள். சில மணி நேரத்தில் அது திரும்ப வைக்கப்பட்ட பிறகே நிலைமை சீரானது.

36.7 விநாடி

இனி ராக்கெட்டுக்கு வருவோம். 1996 ஜூன் 4ஆம் நாள். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாக ஏவப்பட்டது. புவியின் காந்த மண்டலத்தை ஆராயும் கிளஸ்டர் என்ற நான்கு செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது.

ராக்கெட் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அளந்து சொல்ல அதில் இரண்டு வழிகாட்டிக் கருவிகள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது ஏற்பாடு. அவற்றின் நிரல் புதிதாக எழுதப்பட்டதன்று. ஏரியன் 4 ராக்கெட்டுகளில் நன்றாக உழைத்துப் பெயர் எடுத்த நிரலே அதில் பொருத்தப்பட்டது.

அந்நிரலில் ஒரு துணைப் பகுதி கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை, 64 இரும இலக்கங்கள் கொண்ட வடிவிலிருந்து 16 இரும இலக்கங்கள் கொண்ட வடிவுக்கு மாற்றியது. 16 இருவர்களைப் பெருக்கினால் 65,536. ஆகவே 16 இலக்கங்களில் குறியுடன் எழுதக்கூடிய எண்கள் -32,768 முதல் 32,767 வரைதான். அதற்கு மேற்பட்ட எண் வந்தால் அது அடங்காது. படியால் அளக்கும்போது படி நிறைந்த பின்னும் அரிசியைக் கொட்டிக்கொண்டே போவது போலத்தான்.

ஏரியன் 4 ராக்கெட்டில் அந்த எண் எல்லையைத் தாண்ட வாய்ப்பே இல்லை. எனவே கணிப்பொறியின் சுமையைக் குறைப்பதற்காக அந்த இடத்தில் பாதுகாப்புச் சோதனையை வைக்காமல் விட்டிருந்தார்கள். ஆனால் ஏரியன் 5 வேறு பாதையில் எழுந்தது. அதன் கிடைத்திசை வேகம் ஏரியன் 4 ராக்கெட்டினதைவிட ஐந்து மடங்கு விரைவாக வளர்ந்தது.

முதன்மை இயந்திரம் பற்றவைக்கப்பட்டு 36.7 விநாடி ஆனபோது எண் எல்லையைத் தாண்டியது. கருவி, பிழை நேர்ந்ததாகக் கருதித் தன்னை நிறுத்திக்கொண்டது. உதவிக்கு வைத்த இரண்டாவது கருவி என்னவாயிற்று? அதிலும் ஓடியது அதே நிரல்தானே! 72 மில்லிவிநாடிக்கு ஒரு முறை சுழலும் வேலைச் சுற்றில், முந்தைய சுற்றிலேயே அது அதே காரணத்தால் நின்றுவிட்டிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பிழைக் குறிப்பை மையக் கணிப்பொறி உண்மையான பறப்புத் தகவலாக எடுத்துக்கொண்டது. இல்லாத சாய்வைத் திருத்துவதற்காக இயந்திரக் கூம்புகளை முழுவதும் திருப்பியது. ராக்கெட் திடீரெனத் திரும்ப, காற்றின் விசை தாங்காமல் உடைந்து, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. பிழை நேர்ந்த அந்தத் துணைப் பகுதி, ராக்கெட் தரையில் நிற்கும்போது கருவியைச் சீரமைப்பதற்காக எழுதப்பட்டது. பறக்கத் தொடங்கிய பின் அதனால் எந்தப் பயனும் இல்லை. ஏரியன் 4 ராக்கெட்டின் பழைய தேவை ஒன்றுக்காகப் புறப்பட்ட பின்பும் சுமார் 40 விநாடி அது ஓட விடப்பட்டிருந்தது. ஏரியன் 5 ராக்கெட்டுக்கு அந்தத் தேவையே இல்லை. இருந்தும் அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு இவற்றை ஆராய்ந்து 1996 ஜூலையில் அறிக்கை தந்தது. புதிய ராக்கெட்டின் பாதை விவரங்களைக் கொடுத்து அக்கருவியைத் தரையிலேயே ஒரு முறை சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும். கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் மறுபடியும் செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டில் ரஷ்ய சோயுஸ் ராக்கெட்டுகளில் விண்ணை அடைந்தன. ஏரியன் 5 திருத்தப்பட்டு, 2021இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை வெற்றிகரமாக ஏவி, 2023இல் ஓய்வு பெற்றது.

வாய்பாடும் நிபந்தனையும்

துணைநிரல் தவறானதா? இல்லை. ஏரியன் 4 ராக்கெட்டில் அது ஒழுங்காகவே வேலை செய்தது. அது எந்த நிபந்தனையில் சரி என்பதுதான் அதனுடன் கூடவே புதிய இடத்துக்கு வந்து சேரவில்லை.

இது நிரல்களுக்கு மட்டும் உரியதன்று. தனி ஊசலின் அலைவு நேர வாய்பாட்டை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு அது தரும் விடை சுமார் 2.01 விநாடி. ஊசலை 5 பாகை சாய்த்து விட்டால் இந்த விடையில் குறை காண்பது அரிது. 60 பாகை சாய்த்து விட்டாலோ உண்மையான அலைவு நேரம் சுமார் 2.15 விநாடி, வாய்பாடு சொல்வதைவிட 7 விழுக்காடு அதிகம். 'வீச்சு சிறியதாக இருக்கும்போது' என்று பாடப் புத்தகத்தில் வரும் சிறு தொடரைத் தேர்வுக்குப் படிக்கும்போது பலர் விட்டுவிடுகிறார்கள். வாய்பாட்டின் பாதி அந்தத் தொடரில்தான் இருக்கிறது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மதிப்பெண்களின் கூட்டுத்தொகையைத் தேர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காணும் துணைநிரல் ஒன்றை உங்களுக்குத் தெரிந்த கணிப்பொறி மொழியில் எழுதுங்கள். மூன்று வரி போதும். அதை உங்கள் நண்பரிடம் கொடுங்கள். எந்தத் தேர்வுக்கும் வராத மாணவர் ஒருவரின் விவரத்தை அவர் அதில் கொடுத்தால் என்ன ஆகும்? பூச்சியத்தால் வகுக்கச் சொல்லி நிரல் தடுமாறி நிற்கும். துணைநிரலின் தலைப்பில் 'தேர்வுகளின் எண்ணிக்கை ஒன்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். எழுதியதோடு நில்லாமல் அதைச் சோதிக்கும் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். பிறகு நண்பரிடம் கொடுக்கலாம். அவர் தம் நண்பருக்கும் கொடுக்கலாம்.