நாற்காலி மாறினால் ஆட்டம் மாறுமா?

‘ஸ்பர்ஸ்’ என்று அழைக்கப்படும் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்து கிளப், தன் சேர்மன் டேனியல் லெவி பதவியிலிருந்து விலகுகிறார் என்று 2025 செப்டம்பர் 4 அன்று அறிவித்தது. 2001 மார்ச் முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். பிரீமியர் லீக் கிளப்புகளின் சேர்மன்களில் அவ்வளவு நீண்ட காலம் பதவியில் இருந்தவர் அப்போது வேறொருவர் இல்லை. செய்தி வந்ததும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘அப்பாடா, ஒரு வழியாகப் போனார்’ என்று ஒரு சாரார் பெருமூச்சு விட்டார்கள். ‘இந்தக் கிளப்பை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தானே’ என்று மறு சாரார் கேட்டார்கள். இரண்டையும் ஒருசேர நினைத்துக் குழம்பியவர்களும் உண்டு.

ஒன்பது நாள் கழித்து ஸ்பர்ஸ் அணி வெஸ்ட்ஹாம் மைதானத்துக்குப் போய் 3-0 என்று வென்றது. ‘பார்த்தீர்களா, ஆள் போனதும் அணி எழுந்துவிட்டது’ என்று பேச அது போதுமானதாக இருந்தது. ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆஸ்டன் வில்லா, செல்சி, ஃபுல்ஹாம் மூன்றும் டாட்டன்ஹாமுக்கே வந்து ஸ்பர்ஸை வென்று போயின. அதே அணி அதே காலத்தில் எவர்ட்டன் மண்ணில் 3-0 என்று ஜெயித்தது. அப்படியானால் லெவி போனதால் அணிக்கு நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, கால்பந்து கிளப்பில் யார் என்ன வேலை பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யார் எதற்குப் பொறுப்பு?

ஒரு பெரிய கிளப்பில் நான்கு அடுக்குகள் உண்டு. மேலே இருப்பவர் உரிமையாளர். கிளப் அவர் சொத்து. அவருக்குக் கீழே சேர்மன் அல்லது தலைமைச் செயல் அதிகாரி. பட்ஜெட், விளம்பர ஒப்பந்தம், டிக்கெட் விலை, மேனேஜரை வைப்பதும் நீக்குவதும் இவர் கையில். மூன்றாவது, விளையாட்டு இயக்குநர். எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது, இளம் வீரர்களை எப்படி வளர்ப்பது என்று திட்டமிடுபவர். நான்காவதுதான் நாம் ஒவ்வொரு வாரமும் டிவியில் பார்க்கும் மேனேஜர். பயிற்சியும் ஆட்ட வியூகமும் பதினொரு பேர் தேர்வும் அவர் பொறுப்பு.

டாட்டன்ஹாமில் இந்தக் கோடுகள் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. லெவி வெறும் கௌரவத் தலைவராக இருந்தவரல்லர். அன்றாட நிர்வாகத்தைத் தாமே பார்த்தார், வீரர் விலையைத் தாமே பேரம் பேசினார், அரங்கம் கட்டும் வேலையைத் தாமே நடத்தினார். அதனால் நல்லது கெட்டது இரண்டும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டன. கிளப்பின் பெரும்பங்கை வைத்திருக்கும் ஈனிக் நிறுவனம் லூயிஸ் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் ரசிகர்களின் கோஷங்களில் அந்தக் குடும்பத்தின் பெயரைவிட லெவியின் பெயர்தான் உரக்கக் கேட்டது.

அவர் விலகியபின் பொறுப்பு பிரிக்கப்பட்டது. பீட்டர் சாரிங்டன் அன்றாட நிர்வாகத்தில் தலையிடாத சேர்மன் ஆனார். முன்பு ஆர்சனலில் பணியாற்றிய வினய் வெங்கடேஷம் அந்தக் கோடையிலேயே தலைமைச் செயல் அதிகாரியாக வந்திருந்தார். லெவி தாமாகவே விலகியதாகக் கிளப் அறிவித்தது. உரிமையாளர் குடும்பம் எடுத்த முடிவு இது என்று பிரிட்டிஷ் ஊடகங்கள் எழுதின. எப்படியானாலும் ஈனிக்கில் லெவிக்கு இருந்த பங்கு அவரிடமே இருந்தது, உரிமையாளரும் மாறவில்லை. செய்தியின் பரபரப்பில் பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

சாதித்ததும் தவறவிட்டதும்

லெவியின் கணக்கை நேர்மையாகப் போட்டால் இரண்டு பக்கமும் கனமாகவே இருக்கும்.

2019 ஏப்ரலில் திறந்த புதிய அரங்கம் ஒன்றே போதும். 62,850 பேர் உட்காரலாம். ஒரே அடுக்காக எழும் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் 17,500 பேர். கால்பந்துக்கான புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து அந்த ஸ்டாண்டின் அடியில் சறுக்கிப் போய்விடும். அதன் கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை தயாராக இருக்கும். அமெரிக்க லீக்கின் ஆட்டங்களும் பெரிய இசை நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கின்றன. கால்பந்து ஆட்டம் இல்லாத நாளிலும் கிளப்புக்கு வருமானம் வருகிறது. ஊதியச் செலவும் கட்டுக்குள் இருந்தது. பல கிளப்புகளில் வருமானத்தின் பெரும்பகுதியைச் சம்பளமே விழுங்கிவிடும். ஸ்பர்ஸில் 2022-23, 2023-24 சீசன்களில் அது பாதியைத் தாண்டவில்லை.

மறுபக்கம், கோப்பை அலமாரி. அவருடைய 24 ஆண்டுகளில் வந்தவை இரண்டு: 2008 லீக் கோப்பை, 2025 யூரோப்பா லீக். ‘24 ஆண்டு, 16 மேனேஜர், ஒரே கோப்பை’ என்று கணக்கெழுதிய பேனரை 2025 தொடக்கத்தில் ரசிகர்கள் ஏந்தினார்கள். கிளப் வரலாற்றில் அதிக கோல் அடித்த ஹாரி கேன் 280 கோல் அடித்தும் ஸ்பர்ஸில் ஒரு கோப்பைகூடக் கையில் ஏந்தாமல் 2023-ல் பயர்ன் மியூனிக்குக்குப் போனார். சம்பளத்தை அடக்கிவைத்ததுதான் லாபத்துக்குக் காரணம். முதல்தர வீரர்களை இழுக்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது ரசிகர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கிளப் அதிகச் சம்பளம் தருகிறதோ அது புள்ளிப் பட்டியலில் மேலே நிற்கும் என்பது, விதிவிலக்குகள் இருந்தாலும், நீண்ட காலக் கணக்கில் உண்மை.

2024-25 சீசனில் இந்த முரண்பாடு உச்சத்துக்குப் போனது. லீக்கில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 38 புள்ளி, 17-வது இடம். பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து ஸ்பர்ஸ் இவ்வளவு கீழே இறங்கியதில்லை. லெஸ்டர் 25, இப்ஸ்விச் 22, சவுத்தாம்ப்டன் 12 என்று கீழே மூன்று அணிகள் மிகவும் பலவீனமாக இருந்ததால் தரமிறக்கப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. அதே மே மாதம் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் ஸ்பர்ஸின் பிரென்னன் ஜான்சன் காலில் உரசிய பந்து உள்ளே போனது. இரண்டாம் பாதியில் யுனைடெட்டின் ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்து காலியான வலையை நோக்கிப் போக, மிக்கி வான் டி வென் உடம்பை அந்தரத்தில் வீசி அதைக் கோட்டருகே உதைத்து வெளியேற்றினார். 1-0. பதினேழு ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. பதினாறு நாள் கழித்து, அந்தக் கோப்பையை வென்று தந்த மேனேஜர் ஆன்ஜே போஸ்டெகோக்ளூவின் வேலையும் முடிந்தது. அடுத்த மூன்று மாதத்தில் லெவியும் போனார்.

பலன் தாமதமாகத்தான் வரும்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். கிளப் நிர்வாகம் பனை வைக்கும் வேலை. இன்று எடுக்கும் முடிவின் பலன் பல சீசன் கழித்துத்தான் களத்தில் தெரியும்.

இதற்கு ஸ்பர்ஸிலேயே துல்லியமான சான்று இருக்கிறது. 2018 கோடையில் கிளப் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. வாங்கும் காலம் நெறிப்படுத்தப்பட்ட 2003-க்குப் பிறகு எந்த பிரீமியர் லீக் அணியும் ஒரு கோடையை அப்படிக் கழித்ததில்லை. அடுத்த ஜனவரியிலும் யாரும் வரவில்லை. அப்படியும் 2019 ஜூனில் அதே அணி மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் நின்றது; லிவர்பூலிடம் 0-2 என்று தோற்றது. அந்த உயரம் முந்தைய ஆண்டுகளில் சேர்த்த அணியின் உழைப்பு. வாங்காமல் விட்டதன் வலி பிறகுதான் தெரிந்தது. அணி களைத்தது, நவம்பரில் 14-வது இடத்துக்கு இறங்கியது, மேனேஜர் பொச்செட்டினோ வெளியேற்றப்பட்டார். முடிவு மேல்தளத்தில் எடுக்கப்பட்டது, விலை கொடுத்தவர் மேனேஜர்.

கணக்குப் புத்தகமும் இதே வேகத்தில்தான் நகர்கிறது. ஒரு வீரரை 5 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால், செலவு ஆண்டுக்கு ஒரு கோடி என்று பிரித்து எழுதப்படும். அந்த நிர்வாகி போனபிறகும் மீதி ஆண்டுகளின் செலவு புதியவர் தலையில்தான் விழும். பெரிய அணிகளில் பெரிய மாற்றங்கள் மெதுவாக நடப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மான்செஸ்டர் சொல்லும் பாடம்

நாற்காலி மாறியதும் ஆட்டம் மாறிவிடும் என்று நம்புவோர் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பார்க்கலாம். 2013-ல் மேனேஜர் ஃபெர்குசன் கிளப்பின் 20-வது லீக் பட்டத்தோடு ஓய்வு பெற்ற அதே கோடையில் எட் வூட்வர்ட் நிர்வாகத் தலைமைக்கு வந்தார். வங்கித் துறையிலிருந்து வந்தவர். 2005-ல் கிளேஸர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர். விளம்பர வருமானத்தில் சாதித்தார். அடிடாஸுடன் 10 ஆண்டுக்கு 75 கோடி பவுண்டு ஒப்பந்தம் அவர் காலத்தில் வந்தது. களத்திலோ மோயஸ், வான் கால், மொரீனியோ, சோல்ஷார் என்று மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். லீக் பட்டம் மட்டும் வரவில்லை.

2021 ஏப்ரலில், பெரிய கிளப்புகள் தமக்கெனத் தனியாகத் தொடங்க முயன்ற ஐரோப்பிய சூப்பர் லீக் திட்டம் இரண்டே நாளில் சரிந்தபோது வூட்வர்டின் விலகலும் அறிவிக்கப்பட்டது. மே 2-ல் எதிர்ப்புத் தெரிவித்த ரசிகர்கள் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானக் களத்துக்குள்ளேயே இறங்க, லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் வூட்வர்ட் உண்மையிலேயே வெளியேறினார். அந்த சீசனில் அணி 58 புள்ளியோடு ஆறாவது இடம். 2016-ல் 8.9 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய போக்பா, அந்தக் கோடையில் ஒரு பென்னிகூடக் கிளப்புக்குத் தராமல் ஒப்பந்தம் முடிந்து போனார். நிர்வாகிகள் மேலும் மாறினார்கள், தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் கால்பங்குக்கு மேல் வாங்கினார். 2024-25-ல் யுனைடெட்டுக்குக் கிடைத்தது 15-வது இடம். வூட்வர்டின் விலகல் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டுப்பாடு கிளேஸர் குடும்பத்திடமே இருக்கும்வரை, ஒரு நிர்வாகி போவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதுதான் அர்த்தம்.

கோபம் யார் மீது?

ரசிகரின் கோபத்தை வெறும் தோல்வி ஆத்திரம் என்று தள்ளிவிடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக ஒரே ஸ்டாண்டில் உட்காரும் குடும்பங்கள் இருக்கின்றன. 65 வயது கடந்தவர்களுக்கான சீசன் டிக்கெட் சலுகை இனிப் புதிதாக யாருக்கும் கிடையாது, ஏற்கெனவே பெறுவோருக்கும் படிப்படியாகக் குறையும் என்று ஸ்பர்ஸ் 2024 மார்ச்சில் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்புக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. ஆயுள் முழுக்கத் துணை நின்றவர்களைக் கிளப் கைவிடுகிறது என்ற வேதனை அது. சூப்பர் லீக்கில் சேர ஸ்பர்ஸும் கையெழுத்திட்டது ரசிகர்களைக் கேட்டு அல்ல.

ஆனால் அந்தக் கோபம் சரியான இடத்துக்குப் போக வேண்டும். 2025 நவம்பர் 29, ஃபுல்ஹாம் ஆட்டம். ஆறே நிமிடத்தில் 0-2. கோல்கீப்பர் விகாரியோ பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து சரியாக விரட்டாத பந்துதான் இரண்டாவது கோலானது. அதற்குப் பின் அவர் பந்தைத் தொட்டபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அப்போதைய மேனேஜர் தாமஸ் ஃபிராங்க் ஆட்டம் முடிந்ததும் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் கண்டித்தது சரி. பல ஆண்டு நிர்வாக முடிவுகளால் சேர்ந்த ஆற்றாமையை ஒரு கோல்கீப்பரின் ஒரு நிமிடத் தவறின் மீது இறக்குவது நியாயமில்லை. சொந்த மைதானத்தில் பதற்றத்தோடு ஆடும் அணிக்கு அது உதவவும் செய்யாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு நிர்வாகி போகும்போது ரசிகர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. உரிமையாளர் மாறினாரா, நிர்வாகி மட்டும் மாறினாரா? வீரர்களை வாங்கும் முடிவு இனி யார் கையில்? சம்பளத்துக்கும் அணிக்கும் புதிய பணம் வருகிறதா? டிக்கெட் விலை, ரசிகர் ஆலோசனை போன்றவற்றில் மாற்றம் உண்டா? ஸ்பர்ஸில் முதல் கேள்விக்கு விடை ‘உரிமையாளர் மாறவில்லை’ என்பது. மூன்றாவது கேள்விக்கு ஒரு தொடக்கம் கிடைத்தது: 2025 அக்டோபரில் உரிமையாளர் தரப்பு 10 கோடி பவுண்டு புதிய மூலதனம் போட்டது.

நான்காவது கேள்விக்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டனில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், இங்கிலாந்தின் முதல் ஐந்து நிலைகளில் ஆடும் கிளப்புகளுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்குகிறது. சூப்பர் லீக் போன்ற தனிப் போட்டியில் சேர்வதற்குத் தடை. மைதானத்தை விற்க அந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையும் நிறத்தையும் மாற்ற ரசிகர் ஆதரவு வேண்டும். 2021-ல் சூப்பர் லீக்கை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ரசிகர்களின் குரல்தான் இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது.

உங்கள் அணி எதுவானாலும் சரி, மேலிடத்தில் ஒருவர் போனார் என்ற செய்தி வந்தால் அடுத்த சனிக்கிழமை ஸ்கோரை வைத்து அவரை எடைபோடாதீர்கள். குறைந்தது மூன்று கோடைகள் யார் வாங்கப்பட்டார்கள், யார் விற்கப்பட்டார்கள், எவ்வளவு சம்பளம் தரப்பட்டது என்று பாருங்கள். லெவி நல்லவரா, அவருக்குப் பின் வந்தவர்கள் நல்லவர்களா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். அதுவரை நிர்வாகத்திடம் கேள்விகளை விடாமல் கேளுங்கள், களத்தில் ஓடும் பதினொரு பேருக்குக் கைதட்டுங்கள்.