பிரிண்டர் வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேத்தியின் பள்ளி வேலைக்காக வைஃபை பிரிண்டர் வாங்கினார். வீட்டு வைஃபையோடு அது சேர மறுத்தது. செல்போனில் கம்பெனி பெயரோடு ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். எடுத்தவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். “சார், ஒரு ஆப் போட்டுக்குங்க, இங்கிருந்தே சரிபண்ணித் தர்றேன். பதிவுக்குப் பத்து ரூபா மட்டும் அனுப்புங்க.” அதன்பின் இவர் தட்டியதெல்லாம் அவன் திரையில் தெரிந்தது. அரைமணி நேரத்தில் 38,000 ரூபாய் போய்விட்டது.

அதைவிட என்னை எரிச்சல்படுத்தியது அடுத்து நடந்ததுதான். ‘வெளியே தெரிந்தால் அசிங்கம்’ என்று இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வங்கிக்குப் போனால், “எஃப்ஐஆர் கொண்டு வாங்க சார்” என்று திருப்பி அனுப்பினார்கள். உண்மையான எண் அச்சிட்ட பெட்டியோ, முதல் நாளே பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறிவிட்டது.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் விலை மட்டுமல்ல, புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தாக வேண்டும் என்பது எடையளவு விதி. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பில்லோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்குப் பேசாதீர்கள். உண்மையான கம்பெனி ஆள் பதிவுக்குப் பத்து ரூபாய் கேட்கமாட்டார்.

பணம் போய்விட்டதா? வெட்கத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம். உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். பின்னர் சைபர்கிரைம் அரசு இணையதளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். வங்கியில் வாய்வார்த்தை வேண்டாம். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நம் கவனக்குறைவால் போன பணம் நம் தலையில்தான் விடியும். ஆனால் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கி. எஃப்ஐஆர் கேட்டுத் திருப்பி அனுப்பினால் நகர மாட்டேன் என்று சொல்லுங்கள். அந்த முத்திரையில் இருக்கும் தேதிதான் உங்கள் ஆதாரம்.

இனி வாங்கும் விஷயம். கடையில் முதலில் காட்டுவது விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். இரண்டு மூன்று முறை கார்ட்ரிட்ஜ் மாற்றினால் பிரிண்டர் விலையே வந்துவிடும். கூடவே வருவது பல மாடல்களில் குறைவாக நிரப்பிய ‘ஸ்டார்ட்டர்’ கார்ட்ரிட்ஜ். வீட்டில் தினமும் நாலு கலர் பக்கமாவது எடுப்பவர்களுக்கு இங்க் டேங்க் லாபம். மாதத்துக்கு ஒருமுறை ஆதார் நகல் எடுக்கிறவர்களுக்கு அது ஆகாது. மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கறுப்பு வெள்ளை லேசர் போதும். அதன் டோனர் வெறும் பொடி, காயாது. வாங்குமுன் ஒரு பக்கத்துக்கு என்ன செலவாகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாரண்டியைப் பற்றியும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பல பிரிண்டர்களுக்கு வாரண்டி ‘ஒரு வருடம் அல்லது இத்தனை பக்கம், எது முந்துகிறதோ அது’. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கக் கணக்கைப் பார்க்காமல் வாங்கிவிட்டு ஆறாம் மாதம் தலையில் கைவைக்கிறார்கள்.

பில் வாங்குவதில் நம் அலட்சியத்தைச் சொல்லி மாளாது. “பில் வேணாம்னா ஐநூறு குறையும்” என்றதும் சரி என்று தலையாட்டுகிறோம். பில் தராததே நியாயமற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையும் பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். பில்லில் பிரிண்டரின் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

பழுது பார்க்க வருபவர் பாதி வேலையில் ஓடிபி கேட்பார். அதைச் சொன்னால் ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று புகாரை மூடிவிடுவார்கள். பிரிண்டர் ஓடி, பத்துப் பக்கம் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி. ஜாப் ஷீட் நகலை விடாதீர்கள். மூன்று முறை வந்தும் சரியாகவில்லை என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கம்பெனி அசையவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கணிசமான புகார்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடா ஒப்புகையுடன், 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், ஜாப் ஷீட்கள், நோட்டீஸ் நகல், பட்டுவாடா ஒப்புகை, உறுதிமொழிப் பத்திரம் இருந்தால் போதும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று முதல் ஐந்து மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடப்பு வேறு, அதற்காக உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பதைத்தான் கம்பெனி வக்கீல் முதலில் கிளப்புவார். சுயதொழில் செய்து பிழைப்பவருக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. ‘என் பிழைப்புக்காக நானே இயக்கும் பிரிண்டர்’ என்ற வரியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

ஆசிரியர் வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர். ஒன்றின் வாலில் ‘5ஜி’ என்று இருந்தது. அது செல்போன் 5ஜி அல்ல, ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். வாலில்லாத பெயரைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துகொண்டது. பணம் இன்னும் வரவில்லை.