பங்கு, பள்ளி, மறைமாவட்டம்: எதற்கு யார் பொறுப்பு?

சந்தேகங்களும் விளக்கங்களும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் புதிதாகக் குடியேறும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, எந்தப் பங்கில் சேர்வது, சான்றிதழை யாரிடம் கேட்பது என்ற குழப்பம் எழுகிறது. கிறிஸ்தவப் பெயர் கொண்ட பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் பிற சமயப் பெற்றோருக்குக் கட்டணம், ஜெபம், 25 சதவீத இடங்கள் ஆகியவை பற்றிய ஐயங்கள் உள்ளன. பொதுவாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

மேற்குப் புறநகர்ப் பகுதிகள் எந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை?

மூன்று பகுதிகளும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1606-இல் உருவான மயிலாப்பூர் மறைமாவட்டமும் சென்னை உயர்மறைமாவட்டமும் 1952 நவம்பரில் இணைக்கப்பட்டு இது அமைந்தது. இதன் தலைமைக் கோயில் சாந்தோம் பேராலயம். அரசு வகுத்த மாவட்ட எல்லை திருச்சபையைக் கட்டுப்படுத்தாது. அம்பத்தூர் சென்னை மாவட்டத்திலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்தாலும் மூன்றுக்கும் பேராயர் ஒருவரே.

செங்கல்பட்டு ஆயர் சென்னைப் பேராயரின் கீழ் பணியாற்றுபவரா?

இல்லை. 2002-இல் சென்னை-மயிலையிலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு தனி மறைமாவட்டம். அதன் ஆயரை நியமிப்பவர் திருத்தந்தை. செங்கல்பட்டு, வேலூர், கோவை, உதகை மறைமாவட்டங்கள் சென்னை-மயிலையுடன் சேர்ந்து ஒரு திருச்சபை மாநிலமாகக் கருதப்படுகின்றன. ஆனால் அவற்றின் அன்றாட நிர்வாகத்தில் சென்னைப் பேராயருக்கு அதிகாரம் கிடையாது.

புதிதாகக் குடிவந்தவர், விரும்பிய கோயிலில் பங்கு உறுப்பினராகச் சேரலாமா?

ஞாயிறு திருப்பலியில் எந்தக் கோயிலிலும் பங்கேற்கலாம். உறுப்பினர் பதிவு மட்டும் வீடு அமைந்துள்ள எல்லையைப் பொறுத்தது. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துடன் குடிவந்தவர் வந்த நாள் முதலே அப்பங்கைச் சேர்ந்தவர். 3 மாதம் தங்கும் எண்ணத்துடன் வந்தவருக்கும், 3 மாதம் தங்கிவிட்டவருக்கும் அங்குள்ள பங்குத்தந்தையே உரியவர் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. ஒரே சாலையின் இரு பக்கங்கள் வெவ்வேறு பங்குகளில் இருக்கக்கூடும் என்பதால், கதவு எண்ணுடன் பங்கு அலுவலகத்தில் கேட்டறிவதே சரியான வழி.

திருமுழுக்கு ஒரு பங்கில், திருமணம் வேறு பங்கில் என்றால் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

திருமுழுக்குச் சான்றிதழ், திருமுழுக்கு நடந்த பங்கில் மட்டுமே கிடைக்கும். அம்பத்தூரில் திருமுழுக்குப் பெற்றவர் ஆவடியில் மணம் முடித்தால், ஆவடிப் பங்குத்தந்தை அம்பத்தூருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்குள்ள பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் அதே பெயருக்கு நேரே திருமணக் குறிப்பு எழுதப்படும். உறுதிபூசுதல், குருப்பட்டம் ஆகியவையும் அவ்வாறே குறிக்கப்படும். திருமணத்துக்கு முன் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கப்படுவதற்கு இந்தக் குறிப்பே காரணம். வீட்டில் உள்ள பழைய நகலில் அது இருக்காது.

திருமுழுக்குச் சான்றிதழைப் பிறப்புச் சான்றிதழாகக் காட்டலாமா?

கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கு ஆதாரம், பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அரசுச் சான்றிதழே.

சந்தா பாக்கி இருந்தால் திருமுழுக்கையோ அடக்கச் சடங்கையோ மறுக்க முடியுமா?

கோயிலின் தேவைகளுக்கு உதவுவது இறைமக்களின் கடமை என்று சட்டத் தொகுப்பு கூறுகிறது. எனினும் திருவருட்சாதனங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. வறுமை காரணமாக எவருக்கும் அவை கிடைக்காமல் போகக் கூடாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. அடக்கச் சடங்கிலும் ஏழைகளுக்கு இதே பாதுகாப்பு உண்டு. மறுக்கப்பட்டால் மறைவட்டத்தின் பொறுப்புக் குருவிடமோ பேராயர் இல்லத்திலோ எழுத்து மூலம் முறையிடலாம்.

கோயில் கணக்கைப் பங்கு மக்கள் கேட்கலாமா?

கேட்கலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருப்பது கட்டாயம். பங்குப் பேரவை அமைப்பது ஆயரின் முடிவைப் பொறுத்தது. இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானோர் அறியாத உரிமை இது.

பங்குத்தந்தை மாற்றத்தைப் பங்கு மக்கள் நிறுத்த முடியுமா?

கருத்தைத் தெரிவிக்கலாம், முடிவு ஆயருடையது. பங்குத்தந்தை 75 வயது நிறைவில் பதவி விலகல் கடிதம் அளிக்குமாறு கேட்கப்படுகிறார். ஆயருக்கும் அதே வயதுதான். புதிய பங்கை உருவாக்குவதும் ஆயரின் அதிகாரமே. ஆனால் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பின்னரே அதைச் செய்ய முடியும்.

சி.எஸ்.ஐ. ஆலயங்களும் இந்த அமைப்பில் அடங்குமா?

அடங்காது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவான தனிச் சபை. அதற்குத் தனிப் பேராயர்களும் பள்ளிகளும் உண்டு. கேரளப் பின்னணி கொண்ட சீரோ-மலபார் சபையினர் கத்தோலிக்கர்களே. அவர்களுக்கென 2017 அக்டோபரில் அமைக்கப்பட்ட ஓசூர் மறைமாவட்டத்தின் எல்லை சென்னை வரை நீள்கிறது.

பூந்தமல்லி திரு இருதயக் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமா?

1936-இல் தொடங்கப்பட்ட இது குருத்துவப் பயிற்சிக்கான கல்லூரி. பொதுக் கலைக் கல்லூரி அன்று. குருவாக விரும்பும் மாணவர்களை மறைமாவட்டங்களே அனுப்புகின்றன. மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு எனக் குறைந்தது 6 ஆண்டுப் படிப்பு தேவை. 25 வயது நிறைந்தவரே குருவாகத் திருநிலைப்படுத்தப்படுவார்.

'செயின்ட்' என்ற பெயர் உள்ள பள்ளிகள் எல்லாம் மறைமாவட்டப் பள்ளிகளா?

இல்லை, அதிகக் குழப்பம் இங்கேதான். சில பள்ளிகளை மறைமாவட்டம் நடத்துகிறது, சிலவற்றைத் துறவற சபைகள் நடத்துகின்றன. தனிநபர் அறக்கட்டளைகள் புனிதர் பெயரில் நடத்தும் பள்ளிகளும் உண்டு. துறவற சபைப் பள்ளிகளைப் பார்வையிடும் உரிமை ஆயருக்கு உண்டு; ஆனால் அன்றாட நிர்வாகம் சபையுடையது. எனவே பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் எல்லாப் பள்ளியிலும் இடம் பெற்றுத் தராது. பள்ளியின் தாளாளர் யார் என்று முதலில் அறிந்துகொள்வது நல்லது.

இப்பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் கிடைக்குமா?

சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளி என்றால் கிடைக்காது. அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6-இல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை 2025 செப்டம்பர் 1-இல் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிப்பதற்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. ஐயம் எழுப்பியதாலேயே தீர்ப்பு மாறிவிடாது. பெரிய அமர்வு மாற்றினால் மட்டுமே நிலை மாறும்.

பிற சமய மாணவர்கள் மறைக்கல்வி வகுப்பில் அமர வேண்டுமா?

வேண்டியதில்லை. அரசு அங்கீகாரம் அல்லது நிதியுதவி பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி 18 வயதுக்கு உட்பட்ட மாணவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு. மேலும், அரசு நிதியுதவி பெறும் பள்ளியில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுப்பதை 29(2) பிரிவு தடுக்கிறது.

உதவி பெறும் பள்ளியில் பணியாற்றும் அருட்சகோதரியின் சம்பளத்துக்கு வரி உண்டா?

உண்டு. சம்பளத்தைத் தாம் வைத்துக்கொள்ளாமல் சபைக்கே கொடுத்தாலும், அரசு கருவூலத்திலிருந்து வழங்கப்படும்போதே வருமான வரி பிடித்தம் செய்யப்படும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7-இல் உறுதி செய்தது.

கட்டணம் அதிகமாக இருந்தால் பேராயர் இல்லத்தில் புகார் செய்ய வேண்டுமா?

நிர்வாகம் மறைமாவட்டத்துடையதாக இருந்தால் அங்கும் முறையிடலாம். சுயநிதிப் பள்ளிகளின் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி அரசு அமைத்த குழுவே நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வசூலித்தால் ரசீது நகலுடன் அக்குழுவிடமோ, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமோ புகார் அளிக்கலாம்.