எரிமலைமேல் ஓர் இரவு

மலைக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களுள் ‘அசலம்’ என்பதும் ஒன்று. அசையாதது என்பது அதன் பொருள். அருணாசலம், வேங்கடாசலம் என நாம் நாள்தோறும் கேட்கும் பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. மிகத் தொன்மையான பாறைகளால் ஆகி, குளிர்ந்து, இறுகி நிற்கும் நம் நாட்டு மலைகளுக்கு அது பொருத்தமான பெயரே. ஆயினும் உலகில் அசையும் மலைகளும் உள. வளரும் மலைகளும் உள. சில நாட்களுக்குள் தம் தலையையே இழந்துவிட்ட மலைகளும் உள. அத்தகைய மலை ஒன்றின்மீது ஏறி, ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் அதன் உச்சியை எய்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அம்மலையின் பெயர் ரிஞ்சனி. இந்தோனேசிய நாட்டில், பாலித் தீவுக்குக் கிழக்கே உள்ள லொம்போக் தீவில் அது நிற்கிறது. உயரம் 3,726 மீட்டர். அந்நாட்டு எரிமலைகளுள் சுமத்திராவின் கெரிஞ்சி ஒன்றே இதனினும் உயர்ந்தது.

இந்தோனேசியாவில் உயிருள்ள எரிமலைகள் 120-க்கும் மேற்பட்டன. இத்தனை எரிமலைகள் ஒரு நாட்டில் ஏன் வரிசையாக நிற்க வேண்டும்? காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. நிலவுலகின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல பெருந்தட்டுகளாகப் பிளவுபட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தோனேசியாவின் தெற்கே, இந்துமாக்கடலின் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து, தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியில் புகுந்து ஆழ்கிறது. அவ்வாறு ஆழும்போது கடல் நீரையும் தன் பாறைகளுக்குள் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, அந்த நீர் பாறையிலிருந்து வெளியேறுகிறது. நீர் கலந்த பாறை, கலவாத பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. ஆதலால் மேல்நோக்கி எழுகிறது. நிலத்தின் மேல் அது வெளிப்படும் இடமே எரிமலை. நெருப்புக்கு நீரே காரணமாவது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று அன்றோ?

நாங்கள் அறுவர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். ரிஞ்சனியைச் சூழ்ந்த காடும் மலையும் 1997 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. மழை மிகுந்த மாதங்களில் வழிகள் மூடப்படும். மழை ஓய்ந்த பின்னரே திறக்கப்படும். எங்களுக்கு வழிகாட்டிகள் இருவர். சுமை தூக்குவோர் நால்வர். அனைவரும் அத்தீவின் பழங்குடிகளான சாசாக் மக்கள். மூத்த வழிகாட்டிக்கு வயது ஐம்பது இருக்கும். அந்நாட்டு வழக்கப்படி நாங்கள் அவரைப் ‘பாக்’ என்றே அழைத்தோம். தந்தை என்னும் பொருளுடைய மரியாதைச் சொல் அது.

மலையின் கிழக்குச் சாரலில் உள்ள செம்பாலுன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டோம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. இருபுறமும் நெல்வயல்களும் பூண்டுத் தோட்டங்களும் காய்கறிப் பாத்திகளும் செழித்திருந்தன. அச்செழிப்பு எரிமலை அளித்த கொடை. புதிதாக விழுந்த எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் சிதைந்து, பொட்டாசியம், கால்சியம் முதலிய சத்துகளை மண்ணுக்கு வழங்குகிறது. அபாயம் நிறைந்த மலையடியில் மக்கள் ஏன் வாழ்கின்றனர் என்று கேட்போர், அம்மண்ணை ஒருமுறை கையில் அள்ளிப் பார்த்தால் போதும்.

முதலில் வழி எளிதாகவே இருந்தது. இடுப்பளவு புல் வளர்ந்த திறந்த வெளி. இடையிடையே பழைய சாம்பல் சேறு ஓடி அறுத்த ஓடைகள். சுமை தூக்குவோர் மூங்கில் தண்டின் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டு, தண்டைத் தோளில் வைத்து நடந்தனர். கூடாரம், அரிசி, தண்ணீர், அடுப்பு யாவும் அக்கூடைகளில் இருந்தன. நம் ஊர்களில் காவடி என்று வழங்கும் அதே அமைப்பு! காலில் ரப்பர் செருப்பு மட்டும் அணிந்து அவர்கள் எங்களை முந்திச் சென்றதைக் கண்டபோது, விலையுயர்ந்த காலணிகளை அணிந்திருந்த எங்களுக்குச் சிறிது நாணம் உண்டாயிற்று. மலையேற்றம் பற்றிய நூல்களில் ஏறியவரின் பெயரே பெரிதும் இடம்பெறுகிறது. அவருடைய சோற்றையும் படுக்கையையும் சுமந்து அவருக்கு முன்பே மேலே சென்றவர் பெயர் இடம்பெறுவது அரிது.

1,800 மீட்டரைக் கடந்த பின் வழி செங்குத்தாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக எழும் மேடுகள். ஒவ்வொன்றும் இறுதி மேடு என்றே தோன்றும். ஏறிப் பார்த்தால் அடுத்தது நிற்கும். உள்ளூர் மக்கள் இவற்றுக்கு ‘வருந்தவைக்கும் ஏழு குன்றுகள்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். மாலையில் 2,639 மீட்டர் உயரத்தில் உள்ள மலைவிளிம்பை அடைந்தோம். அங்கேதான் எங்கள் இரவுத் தங்கல்.

விளிம்பில் நின்று உட்புறம் நோக்கியபோது, ஏறிய களைப்பு மறந்தது. எங்களுக்குக் கீழே மாபெரும் பள்ளம் ஒன்று. நீளம் எட்டு கிலோமீட்டருக்கு மேல். அதன் அடியில் பிறை வடிவமான நீலநிற ஏரி. ‘செகாரா அனாக்’ என்பது அதன் பெயர். கடலின் குழந்தை என்று பொருள். பாலி இந்துக்கள் இவ்வேரியைப் புனிதமாகக் கருதி, ஆண்டுதோறும் இங்கு வந்து நீரில் காணிக்கை இட்டு வழிபடுகின்றனர். ஏரியின் நடுவே, நீரிலிருந்து எழுந்தது போல் ஒரு கரிய கூம்பு. அதுவே பருஜாரி, பெருமலையின் மடியில் பிறந்து வளரும் இளைய எரிமலை. 2015-ஆம் ஆண்டு அது கக்கிய சாம்பலால் பாலியிலும் லொம்போக்கிலும் விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2016-இல் மீண்டும் வெடித்தது. நாங்கள் கண்ட மாலையில் அது அமைதியாகவே இருந்தது.

அப்பெரும் பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று? இக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு, மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. ஏறத்தாழ 1258-ஆம் ஆண்டைச் சேர்ந்த பனிப்படிவில் மிகுதியான கந்தகம் இருப்பதைக் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனியைத் துளைத்து ஆராய்ந்தவர்கள் கண்டனர். துருவங்களில் ஆண்டுதோறும் விழும் பனி, ஏட்டின்மேல் ஏடு அடுக்கியது போல் படிகிறது. அவ்வேடுகளை எண்ணி ஆண்டைக் கணக்கிடலாம். இரு துருவங்களிலும் ஒரே காலத்தில் கந்தகம் படிந்திருப்பின், வெப்பமண்டலத்தில் எங்கோ மாபெரும் எரிமலை ஒன்று வெடித்திருத்தல் வேண்டும். ஆனால் அது எந்த மலை என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

விடை, ஓலைச்சுவடியில் இருந்தது. ‘பாபாட் லொம்போக்’ என்னும் பழஞ்சுவடி, பழைய சாவக மொழியில் பனையோலைமீது எழுதப்பட்டது. சமாலாஸ் என்னும் மலை சரிந்ததையும், ஏழு நாள் நிலம் நடுங்கியதையும், கல்லும் குழம்பும் பாய்ந்து பமாத்தான் என்னும் நகரம் அழிந்ததையும், மக்கள் குன்றுகளை நோக்கி ஓடியதையும் அது கூறுகிறது. ஃபிராங்க் லவீஞ் என்னும் பிரெஞ்சு அறிஞரும் பல நாட்டு ஆய்வாளரும் அச்சுவடியின் குறிப்பையும், லொம்போக்கில் சாம்பலுக்கு அடியில் கரிந்து கிடந்த மரத்துண்டுகளின் வயதையும், பனியில் கிடைத்த எரிமலைத் துகள்களையும் ஒப்பிட்டனர். 1257-ஆம் ஆண்டு வெடித்தது சமாலாஸே என்று 2013-இல் அவர்கள் வெளியிட்டனர். ரிஞ்சனியின் உடன்பிறப்பாக அதனருகே நின்ற மலை அது. எங்கள் கண்முன் கிடந்த பள்ளம், அம்மலை நின்ற இடம்!

அப்போது வெளிப்பட்ட பாறைக் குழம்பு ஏறத்தாழ 40 கன கிலோமீட்டர் என்பர். லொம்போக் தீவின் பரப்பு 4,500 சதுர கிலோமீட்டர் அளவு. அக்குழம்பைத் தீவு முழுதும் சமமாகப் பரப்பினால், மூன்று மாடி வீடு மறையும் உயரத்திற்கு அது நிற்கும். வானின் மேலடுக்கை எட்டிய கந்தக ஆவி நுண்ணிய அமிலத் துளிகளாகி, ஞாயிற்றின் ஒளியில் ஒரு பகுதியை விண்ணுக்கே திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு ஐரோப்பாவில் குளிரும் மழையும் மிகுந்து, பயிர் கெட்டது என அக்கால இங்கிலாந்து வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. காரணம் பூமியின் மறுபுறத்தில் இருந்தது என்பதை அவ்வுழவர்கள் அறிந்திருக்க இயலாது. பமாத்தான் நகரம் இன்னும் சாம்பலுக்கு அடியில் உறங்குகிறது. அது இருந்த இடம் இதுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டோம். கடுங்குளிர். நூறு மீட்டர் உயர்ந்தால் வெப்பம் அரைப்பாகைக்கு மேல் குறைகிறது என்று பாடநூலில் படித்த உண்மையை, அன்று விரல்கள் எங்களுக்கு உணர்த்தின. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்கு அளவே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. “நடக்கும்போதே பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று அறியுங்கள்” என்று பாக் கூறினார். கருவி எதுவும் வேண்டாத அளவுகோல் அது!

இறுதிப் பகுதி முழுதும் எரிமலைச் சரளை. இரண்டு அடி எடுத்து வைத்தால் ஓர் அடி சறுக்கும். இருபுறமும் பள்ளம். ஏறத்தாழ 3,300 மீட்டரில் எங்கள் குழுவிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் நின்றுவிட்டார். தலைவலி, குமட்டல், கால்கள் தள்ளாடின. பாக் அவர் முகத்தில் விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். பின், “தம்பி, நீ இறங்க வேண்டும்” என்றார். மாணவர் மன்றாடினார். “ஐயா, இன்னும் நானூறு மீட்டர்தானே? இதற்காக ஓராண்டு பணம் சேர்த்தேன்” என்றபோது அவர் குரல் உடைந்தது. எங்களுக்கும் நெஞ்சம் இளகிற்று. மெல்ல அழைத்துச் செல்லலாமே என்று எங்களுள் ஒருவர் கூறவும் செய்தார். பாக் அசையவில்லை. “ஏறுவதற்கு நானூறு மீட்டர். இறங்குவதற்கும் கால் வேண்டும் அல்லவா? மலை அடுத்த ஆண்டும் இங்கேயே இருக்கும். நீயும் இருக்க வேண்டும்” என்றார். இளைய வழிகாட்டியுடன் அம்மாணவர் இறங்கினார். அவ்விரு விளக்குகளும் இருளில் சிறுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் மேலே நடந்தோம்.

ஞாயிறு எழும் வேளையில் உச்சியை எய்தினோம். கிழக்கே சும்பாவா தீவு. 1815-இல் வெடித்து உலகையே நடுக்கிய தம்போரா எரிமலை அத்தீவில்தான் இருக்கிறது. மேற்கே கடலுக்கு அப்பால் பாலியின் ஆகுங் மலை, முகில்களுக்கு மேல் நீலக் கூம்பாக நின்றது. எங்கள் மலையின் நிழல் ஏரியைக் கடந்து கடல்வரை கூர்மையாக நீண்டிருந்தது. அந்த நிழலின் நுனியில் நாங்கள் ஐவரும் பாக்கும் நிற்கிறோம் என்று எண்ணியபோது, மனிதனின் சிறுமையும் அவன் முயற்சியின் பெருமையும் ஒருங்கே உள்ளத்தில் எழுந்தன.

அரை மணிக்கு மேல் பாக் எங்களை அங்கே நிற்க விடவில்லை. இறங்கும் வழியில் அதன் காரணத்தைக் கூறினார். 2018-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று காலையில் லொம்போக் தீவை 6.4 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. மலைச்சரிவுகள் வழிகளை அடைத்தன. 500-க்கும் மேற்பட்ட மலையேறிகள் மேலே சிக்கினர். ஒரு வாரம் கழித்து அதனினும் வலியதொரு நடுக்கம் தீவின் வடபகுதியைச் சிதைத்தது. அத்தொடர் நடுக்கங்களில் 500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது எரிமலையின் செயலன்று. தீவின் வடக்கே நிலத்தட்டின் பிளவு நழுவியதன் விளைவு. அன்று மலைமேல் இருந்த வழிகாட்டிகளுள் பாக்கும் ஒருவர். தம் வீடு நிற்கிறதா என்று அறியாமலே, அயல்நாட்டார் எண்மரை அவர் மாற்று வழியில் இறக்கிக் கொணர்ந்தாராம். “அவர்கள் என்னை நம்பி வந்தவர்கள்” என்பதைத் தவிர அதுபற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

விளிம்பை அடைந்தபோது, முன்னரே இறங்கிய மாணவர் கூடாரத்தின் வாயிலில் அமர்ந்து சூடான தேநீர் பருகிக்கொண்டிருந்தார். தலைவலி நீங்கியிருந்தது. உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குதலே என்பதற்கு அவரே சான்று.

மாணவ நண்பர்களே, எரிமலையை அஞ்சி ஒதுங்குதலும் அறிவன்று. அதனை எளிதென எண்ணுதலும் அறிவன்று. செம்பாலுனில் ஒரு கண்காணிப்பு நிலையம் உண்டு. அங்கே நிலத்தின் நுண்ணிய நடுக்கங்களை இரவுபகலாகக் கருவிகள் பதிவு செய்கின்றன. அதன் கணிப்புப்படி மலையின் நிலை நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. அபாயம் மிகுந்தால் வழி அடைக்கப்படும். 1257-இல் பமாத்தான் மக்களுக்கு அக்கருவிகள் இல்லை. எனினும் அவர்களுள் பிழைத்தவர்களின் நினைவு வழிவழியாகக் காக்கப்பட்டு, பின்னொரு நாள் ஓலையில் ஏறியது. அந்த ஓலை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் துருவப் பனியின் சான்றோடு பொருந்தி உலகுக்கு உண்மையை உரைத்தது. நம் நூலகங்களிலும் வீட்டுப் பரண்களிலும் இன்னும் படிக்கப்படாத சுவடிகள் கிடக்கின்றன. வெள்ளமும் பஞ்சமும் கடல்கோளும் பற்றிய எத்தனை செய்திகள் அவற்றில் காத்திருக்கின்றனவோ! மலையேற வாய்ப்புள்ளவர்கள் தக்க துணையோடு ஏறுங்கள். இறங்கு என்று வழிகாட்டி சொன்னால் இறங்குங்கள். ஏற வாய்ப்பில்லாதவர்கள் ஓர் ஓலையையேனும் எடுத்துப் படியுங்கள்.