இரவில் நீளும் ரேடியோவின் காது!

பகலில் வெறும் இரைச்சல். இருட்டியதும் தூரத்து நிலையங்கள் பேசுகின்றன. எப்படி?

இரவு மணி ஒன்பது.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லை. பரண் மேல் ஒரு விவசாயி காவல் இருக்கிறார். கையில் டார்ச் லைட். பக்கத்தில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. இப்படி வைத்துக்கொள்வோம்.

பகலில் அதே ரேடியோவை அவர் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் உள்ள இரண்டொரு நிலையங்கள் கேட்டன. மற்ற இடமெல்லாம் "உஸ்" என்ற இரைச்சல்தான்.

இப்போது முள்ளைக் கொஞ்சம் நகர்த்துகிறார். தமிழ்ப் பாட்டு கேட்கிறது! இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார். இந்திப் பேச்சு! அதற்கும் அப்பால், என்ன மொழி என்றே தெரியாத ஒரு குரல்!

ரேடியோ அதே ரேடியோ. பாட்டரியும் அதே பாட்டரி. பிறகு எது மாறியது?

வானம் மாறிவிட்டது!

வானத்தில் ஒரு கண்ணாடி

இந்த அதிசயம் நடப்பது "மத்திய அலை"யில். ரேடியோப் பெட்டியில் "மீடியம் வேவ்" என்று எழுதி, 530 முதல் 1600 வரை எண் போட்டிருப்பார்களே, அதுதான் மத்திய அலை.

ரேடியோ நிலையத்தின் கோபுரத்திலிருந்து அலைகள் இரண்டு வழியாகப் புறப்படுகின்றன. ஒரு பகுதி தரையை ஒட்டி ஓடுகிறது. இன்னொரு பகுதி வானத்தை நோக்கிப் போகிறது.

தரையை ஒட்டி ஓடும் அலை போகப் போகத் தேய்ந்துவிடும். வானத்துக்குப் போகும் அலையின் கதை வேறு.

பூமிக்கு மேலே 60 கிலோமீட்டர் முதல் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை, மின்சாரத் தன்மை கொண்ட அடுக்குகள் இருக்கின்றன. சூரியனின் கதிர்கள் காற்றில் தாக்குவதால் உண்டான அடுக்குகள் இவை. இதற்கு "அயனி மண்டலம்" என்று பெயர்.

இதில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கீழ் அடுக்கு, பஞ்சு மாதிரி. மேலே வரும் மத்திய அலையை உறிஞ்சிவிடும். ஆனால் அந்த அடுக்கு உயிரோடு இருக்கச் சூரியன் வேண்டும். பொழுது சாய்ந்ததும் பஞ்சு கரைந்துவிடுகிறது.

அதற்கு மேலே உள்ள அடுக்குகள் இரவிலும் நிற்கின்றன. அவை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. மேலே வரும் அலையைத் திருப்பிப் பூமிக்கே அனுப்பிவிடுகின்றன. மலையும் கடலும் அந்த அலைக்கு ஒரு தடையல்ல. தலைக்கு மேலாகத் தாண்டி வந்து இறங்குகிறது!

தருமபுரிக்கு இப்போது அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் இருக்கிறது. பண்பலையின் ஓசை சுத்தமாக இருக்கும். ஆனால் அது நேர்கோட்டில் போகிற அலை. பெரிய மலை குறுக்கே நின்றால் தடுமாறும். வானக் கண்ணாடியும் பொதுவாக அதைத் திருப்பி அனுப்பாது.

கண்டுபிடித்தது எப்படி?

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோக் குறி வந்ததாக மார்க்கோனி அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட குறி, 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நியூபவுண்ட்லாந்தில் கேட்டது என்றார்.

விஞ்ஞானிகள் திகைத்தார்கள். பூமி உருண்டை. அலை நேராகப் போகும். அப்படியானால் கடலைத் தாண்டி எப்படி வளைந்து வந்தது?

1902-ல் கென்னலி, ஹெவிசைடு என்ற இருவர், வானத்தில் அலையைத் திருப்பும் அடுக்கு இருக்க வேண்டும் என்று தனித்தனியே சொன்னார்கள். 1924-ல் ஆப்பிள்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி அதை நிரூபித்தார்.

அவருக்கு வழி காட்டியது எது தெரியுமா? இரவில் ரேடியோ ஓசை ஏறி ஏறி இறங்கியதுதான்! பகலில் சீராகக் கேட்கும் நிலையம் இரவில் ஏன் தேய்ந்து தேய்ந்து வருகிறது என்று அவர் யோசித்தார். தரை வழியாக வரும் அலையும் வானத்தில் மோதித் திரும்பும் அலையும் கலப்பதுதான் காரணம் என்று கண்டார். 1947-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில், கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா என்ற விஞ்ஞானி இந்த அடுக்குகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

கொழும்பு வீட்டுக்கு வந்தது

இந்த வானக் கண்ணாடி நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த பெரிய விருந்தாளி, இலங்கை வானொலி.

கொழும்பில் 1925-ம் ஆண்டிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. 1949-ல் அதற்கு "ரேடியோ சிலோன்" என்று பெயர் வந்தது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டன.

கொழும்புக்கும் தருமபுரிக்கும் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். நடுவே கடல் வேறு! மத்திய அலையில் அந்தத் தூரத்தைத் தாண்ட இருட்டுதான் துணை.

வடக்கே பார்ப்போம். 1988-ல் அகில இந்திய வானொலி "தேசிய அலைவரிசை" என்ற இரவு ஒலிபரப்பைத் தொடங்கியது. நாகபுரியில் 1,000 கிலோவாட் சக்தியுள்ள கருவி. நாகபுரியும் தருமபுரியிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். நாடு முழுவதும் கேட்க வேண்டும் என்றுதான் அந்த ஒலிபரப்புக்கு இரவு நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆர்வலர்கள் தொடங்கிய ரேடியோ

தமிழ்நாட்டில் ரேடியோவை முதலில் கொண்டுவந்தது சர்க்கார் அல்ல. ஆர்வலர்கள்தான்!

1924-ம் ஆண்டு மே மாதம், சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து "சென்னை மாகாண ரேடியோ கிளப்" அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் அவர்களிடம் இருந்த கருவியின் சக்தி வெறும் 40 வாட். ஒரு சின்ன பல்புக்குரிய சக்தி!

பண முடையால் 1927-ல் அது நின்றது. கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. 1939-ல் திருச்சி நிலையம் பிறந்தது.

வெட்டிப் பொழுதா?

"தூரத்து ரேடியோவைக் கேட்டு என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம்.

2004-ம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஒரு குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போனார். கேட்பதோடு, பேசவும் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இவர்கள். உலகின் பல நாட்டு ஆர்வலர்களோடு பேசுவதற்காகவே போனார்கள்.

டிசம்பர் 26. சுனாமி வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. உற்றாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஊரே தவித்தது.

பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த ரேடியோ, அன்றைக்குச் செய்தி சொல்லும் தூதன் ஆயிற்று. உயிரோடு இருக்கிறோம் என்ற சேதி அதன் வழியே வெளியே போனது.

மெல்லிய குரலைப் பொறுமையாகத் தேடிப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். அதற்குப் பள்ளிக்கூடம், இரவில் ரேடியோ கேட்பது!

நீங்களும் கேட்கலாம்

மத்திய அலை உள்ள சாதாரண ரேடியோ போதும். பொது ஒலிபரப்பைக் கேட்க உரிமம் வேண்டாம். பேச விரும்பினால்தான் பரீட்சை எழுதி மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும்.

ரேடியோவுக்குள் ஒரு கறுப்புக் கம்பி இருக்கிறது. அதில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். எனவே பெட்டியை மெல்லத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பினால் நிலையம் பலமாகும். இன்னொரு பக்கம் திருப்பினால் மங்கும்.

இரண்டடிச் சதுரத்தில் மரச்சட்டம் செய்யலாம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரில் சேர்க்க வேண்டும். இதை ரேடியோவின் பக்கத்தில் வைத்துத் திருகினாலே போதும். மெல்லிய குரல் ஓங்கி வரும். மின்சாரம் தேவையில்லை.

மாலையில் கிழக்குத் திசை நிலையங்களைத் தேடுங்கள். அங்கேதான் முதலில் இருட்டும். விடியற்காலையில் மேற்குத் திசையைத் தேடுங்கள். அங்கே இன்னும் இரவு இருக்கும்.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, மணி, முள் நின்ற எண், கேட்ட நிகழ்ச்சி, ஓசை எப்படி இருந்தது என்ற விவரங்கள் போதும். அதை நிலையத்துக்குக் கடிதமாக அனுப்பினால், "நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று அட்டை அனுப்பும் நிலையங்கள் உண்டு. "கியூ.எஸ்.எல். அட்டை" என்பது அதன் பெயர். தபால்தலை சேர்ப்பது மாதிரி இதைச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

கதவு மூடுமுன்…

ஆனால் ஒரு கவலை. வானக் கண்ணாடி அப்படியே இருக்கிறது. அதில் மோதும் குரல்கள்தான் குறைந்துகொண்டு வருகின்றன.

நாகபுரியிலிருந்து வந்த தேசிய அலைவரிசையை நிறுத்த 2018 டிசம்பரில் உத்தரவு பிறந்தது. சிற்றலையில் கடல் கடந்து வந்த பி.பி.சி. "தமிழோசை" வானொலி 2017 ஏப்ரலில் விடைபெற்றது. பல நாடுகள் மத்திய அலை நிலையங்களை மூடி வருகின்றன.

இன்னொரு பக்கம், வீட்டுக்குள்ளேயே இரைச்சல் பெருகிவிட்டது. சில எல்.இ.டி. பல்புகளும் செல்போன் சார்ஜர்களும் மத்திய அலையில் "கர்ர்" என்று உறுமுகின்றன. நகரத்தில் தூரத்து நிலையத்தைக் கேட்பது கஷ்டம்.

இதில் தருமபுரிக்காரர்கள் பாக்கியசாலிகள்! வத்தல்மலை, சித்தேரிமலை, தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமங்களில் இரைச்சல் குறைவு. விளக்குக் குறைந்த இடத்தில் நட்சத்திரம் நன்றாகத் தெரிவது மாதிரி, மின்கருவி குறைந்த இடத்தில் ரேடியோ நன்றாகக் கேட்கும்.

இன்று இரவு பரணில் கிடக்கும் பழைய ரேடியோவைத் தூசி தட்டி எடுங்கள். பாட்டரி போடுங்கள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முள்ளை மெல்ல நகர்த்துங்கள்.

தாத்தா எந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தார் என்று பேரன் கேட்பான். அவர் சொல்லத் தொடங்குவார். அதற்குள் வானத்திலிருந்து ஒரு குரல் இறங்கி வரும்!